ஆல்பெர் காம்யு: இளமையும் எண்ணமும்

ஆண்டுதோறும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நடைபெறும் நாளன்று ஹட்டன் நகரத்துக்கு இறங்கி வரும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சீருடை தோய்த்து மடித்திருக்கும். கையிலே பென்சிலும் நீர்ப்போத்தலும் இருக்கும். உடன் வரும் தாய் அன்றைய பேரை இழந்து வந்திருப்பாள். பரீட்சை மண்டபத்தின் வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு, உள்ளே கேட்கப்படும் வினாக்கள் எத்தகையன என்று அறியாதவளாய், மர நிழலில் காத்து நிற்பாள். அந்தத் தாயையும் பிள்ளையையும் மனத்திலே நிறுத்திக்கொண்டு இன்றைய பேச்சைக் கேட்குமாறு உங்களை வேண்டுகின்றேன்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் முன், 1924ஆம் ஆண்டிலே, ஆபிரிக்கக் கண்டத்தின் வட கரையிலுள்ள அல்ஜியர்ஸ் நகரத்தில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இத்தகைய புலமைப்பரிசில் பரீட்சைக்குச் சென்றான். அவனுடைய தாய்க்கு எழுத வாசிக்கத் தெரியாது. அவள் பிறர் வீடுகளில் தரை துடைத்தும் துணி வெளுத்தும் பிழைப்பவள். அந்தச் சிறுவன் பரீட்சையில் தேறினான். 33 ஆண்டுகள் கழிந்து, 1957இல், இலக்கியத்துக்கான நோபெல் பரிசு அவனுக்கு வழங்கப்பட்டது. அவனே ஆல்பெர் காம்யு என்னும் பிரெஞ்சு எழுத்தாளன். தமிழ் வாசகர்கள் அவரை 'அந்நியன்' நாவலின் ஆசிரியராக அறிவர். அந்நூல் 1980ஆம் ஆண்டில் வெ. ஸ்ரீராம் அவர்களின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது.

காம்யுவை இருத்தலியல் மெய்யியலாளர் என்று உலகம் அழைக்கின்றது. இருத்தலியல் என்பது யாது? மனிதனுக்கு முன்கூட்டியே வகுக்கப்பட்ட இயல்பு ஒன்று இல்லை; அவன் முதலில் இருக்கின்றான், பின்னர் தன் தெரிவுகளாலும் செயல்களாலும் தன்னை ஆக்கிக்கொள்கின்றான் என்பது அக்கொள்கையின் சாரம். இதனை விரித்துரைத்தவர் ஜான் போல் சார்த்தர். காம்யு தம்மை இருத்தலியலாளர் என்று கூறுவதை 1945ஆம் ஆண்டிலேயே மறுத்தார். மறுத்தும் பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கடவுளின் துணையோ வரலாற்றின் உறுதிமொழியோ இல்லாத உலகிலே மனிதன் எவ்வாறு வாழ வேண்டும் என்ற ஒரே வினாவை இருவரும் எழுப்பினர். விடைகள் வேறுபட்டன. அந்த வேறுபாட்டின் வேர் அவர்களின் இளமையிலே கிடக்கின்றது என்பது என் கருத்து.

சார்த்தர் 1905ஆம் ஆண்டு பாரிஸில் பிறந்தவர். தந்தையை மழலைப் பருவத்திலேயே இழந்தார். ஆயினும் பாட்டனாரின் நூல் நிறைந்த இல்லத்தில் வளர்ந்தார். உலகத்தை அறியுமுன் புத்தகங்களை அறிந்தவர் அவர். காம்யுவும் தந்தையை இழந்தவரே. ஆனால் அவர் வளர்ந்த வீட்டில் புத்தகம் ஒன்றுகூட இல்லை.

அல்ஜீரியா 1830ஆம் ஆண்டு தொடக்கம் 1962ஆம் ஆண்டு வரை பிரான்சின் ஆட்சிக்குட்பட்டிருந்த நாடு. அங்கே மொண்டோவி என்னும் ஊரின் அருகே, திராட்சைத் தோட்டம் ஒன்றிலே, 1913ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7ஆம் நாள் காம்யு பிறந்தார். ஆம், அவரும் தோட்டத்திலே பிறந்தவர்தாம். தந்தையார் லூசியன் காம்யு, அத்தோட்டத்தில் மது வடிக்கும் சாலையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். மறு ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. தந்தையார் போருக்கு அழைக்கப்பட்டார். மார்ன் ஆற்றங்கரைப் போரிலே தலையில் காயமுற்று, 1914 ஒக்டோபர் 11ஆம் நாள் மருத்துவமனையில் உயிர் துறந்தார். பிள்ளைக்கு அப்போது ஓராண்டுகூட நிறையவில்லை. கணவரின் தலையிலிருந்து எடுக்கப்பட்ட குண்டுச் சிதறலை மருத்துவமனையார் விதவைக்கு அனுப்பி வைத்தனர். அவள் அதனை ஒரு பிஸ்கற் தகரத்தில் இட்டு வைத்திருந்தாள். தந்தையைப் பற்றி அப்பிள்ளை பெற்ற முதுசொம் அதுவே.

தாயின் பெயர் காத்தரீன் சின்தேஸ். ஸ்பானிய வழிவந்த குடும்பத்தினள். காது சரிவரக் கேளாது. பேச்சும் இலகுவில் வாராது. இரு ஆண் மக்களையும் அழைத்துக்கொண்டு அல்ஜியர்ஸ் நகரத்தில் பெல்கூர் என்னும் தொழிலாளர் பகுதிக்கு, தன் தாயின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மூன்று சிறு அறைகள். அவற்றில் பாட்டி, தாய், பீப்பாய் செய்யும் தொழிலாளியான மாமன், பிள்ளைகள் இருவர் என அனைவரும் அடங்கினர். மின்விளக்கு இல்லை, குழாய்நீர் இல்லை, கழிப்பிடம் அயலாருக்கும் பொது. லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்த நேயர்களுக்கு இந்த வீட்டை நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

பாட்டி கண்டிப்பானவள், சவுக்கு எடுப்பதற்குத் தயங்காதவள். தாய் குறுக்கே பேசாள். வேலை முடிந்து வந்ததும் நாற்காலியில் அமர்ந்து, இருள் கவியும் வீதியைப் பார்த்தவண்ணம் இருப்பாள். மகன் அறைக்குள் வந்து அவளைக் காண்பான். பேசுவதற்கு ஏதும் இராது. அன்பு இருந்தது, அதனைச் சொல்லச் சொல் இல்லை. இந்த மௌனத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் எழுத்திலே பெயர்க்க முயன்றவர் காம்யு. 1937ஆம் ஆண்டு தமது 23ஆவது வயதில் அவர் வெளியிட்ட முதல் நூலிலேயே அந்தத் தாய் வருகின்றாள். அவர் இறுதியாக எழுதிக்கொண்டிருந்த நூலிலும் அவளே வருகின்றாள்.

இத்தகைய வீட்டிலிருந்து ஒரு பிள்ளை மெய்யியலுக்கு எப்படிப் போனான்? வழி காட்டியவர் ஓர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். அவர் பெயர் லூயி ஜெர்மேன். அவரும் அந்தப் போரிலிருந்து மீண்டவர். தந்தையைப் போரிற் பறிகொடுத்த மாணவர்பால் அவருக்குத் தனிக் கடப்பாடு இருந்தது. பாடம் முடிந்த பின்னரும் பிள்ளைகளை இருத்தி, ஊதியம் பெறாது, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பயிற்றினார். வீட்டிலே பாட்டி சம்மதிக்கவில்லை. மூத்த பேரனைப்போல இளையவனும் விரைவில் தொழிலுக்குப் போய் நாலு காசு கொண்டுவர வேண்டும் என்பது அவள் எண்ணம். அதைக் குற்றமென்று கூற இயலாது. பசியின் கணக்கு அது. ஆசிரியர் நேரே வீட்டுக்கு வந்தார். பாட்டியோடு பேசினார். பிள்ளையைப் பரீட்சைக்கு விடச் சம்மதம் பெற்றுக்கொண்டே திரும்பினார்.

நேயர்களே, எம் தோட்டங்களிலும் இப்படிப்பட்ட ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒரு கட்டடம், ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்றிருந்த காலத்திலே, லயத்துக்கு லயம் நடந்து, "பிள்ளையைக் கொழுந்துக்கு அனுப்பாதீர்கள், இன்னும் இரண்டு வருடம் படிக்கட்டும்" என்று தகப்பன்மாரிடம் மன்றாடியவர்கள் உளர். அவர்களின் பெயர்கள் நூல்களில் இல்லை. அவர்கள் அனுப்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

1924இல் காம்யு அல்ஜியர்ஸ் நகரின் பெரிய உயர்தரப் பாடசாலையில் சேர்ந்தார். தம் வறுமையை அவர் முதன்முதலாக அங்கேதான் அறிந்துகொண்டார். பெல்கூரில் எல்லாரும் ஏழைகள். ஆதலின் எவரும் ஏழையல்லர். புதிய பாடசாலையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெற்றோரின் தொழில் யாது என்ற வினா அதில் இருந்தது. வீட்டு வேலைக்காரி என்று எழுதும்போது பிள்ளைக்கு வெட்கம் வந்தது. அடுத்த கணம், தாயைக் குறித்து வெட்கப்பட்டதை எண்ணி மேலும் பெரிய வெட்கம் வந்தது. தம் வாழ்க்கையைத் தழுவி அவர் எழுதிய 'முதல் மனிதன்' என்னும் நாவலில் இந்நிகழ்ச்சி இடம்பெறுகின்றது. தோட்டத்திலிருந்து நகரத்துப் பாடசாலைக்கு வந்த எந்தப் பிள்ளை இந்த இரண்டு வெட்கங்களையும் அறியாது? முதலாவது வெட்கம் உலகம் எமக்குத் தந்தது. இரண்டாவது எம் மனச்சான்று தந்தது. முதலாவதோடு நின்றுவிடுபவர் தம் மக்களை விட்டு ஓடிவிடுவர். இரண்டாவதையும் உணர்ந்தவர் திரும்பி வருவர். காம்யு திரும்பி வந்தவர்.

அவருடைய இளமை வறுமை மட்டுமன்று. அல்ஜியர்ஸ் கடற்கரை நகரம். வெயிலுக்கும் கடலுக்கும் விலை இல்லை. நீந்தினார், உதைபந்தாட்டத்தில் இலக்குக் காவலராக நின்றார். மனிதரிடை நிலவும் நேர்மையைப் பற்றித் தாம் கற்றதில் பெரும்பகுதி விளையாட்டிலிருந்தே வந்தது என்று பிற்காலத்தில் மகிழ்ந்து கூறியதுண்டு. 1930இல், பதினேழாவது வயதில், வாயிலிருந்து குருதி வந்தது. காசநோய். அக்காலத்தில் அதற்கு முறையான மருந்து கிடையாது. பொது மருத்துவமனையின் கட்டிலிலே, தம்மைப் போன்ற ஏழைகளின் நடுவே, சாவு என்பது புத்தகச் சொல்லன்று என்பதை அச்சிறுவர் கண்டார். அவருடைய மெய்யியலின் முதற்பாடம் அக்கட்டிலிலே நடந்தது.

இரண்டாம் பாடத்தை நடத்தியவர் ஜான் கிரெனியே என்னும் மெய்யியல் ஆசிரியர். நோயுற்ற மாணவனைக் காண அவனுடைய ஏழை வீட்டுக்கே சென்றவர் அவர். இந்தியச் சிந்தனையிலும் நாட்டமுடையவர். அவருடைய 'தீவுகள்' என்னும் கட்டுரை நூலே தம்மை எழுத்தாளராக்கியது என்று காம்யு நன்றியோடு நினைவுகூர்ந்தார். பல்கலைக்கழகத்தில் அவர் 1936இல் எழுதிய ஆய்வு புளோட்டினஸ், ஓகஸ்தீன் என்னும் இரு பழைய சிந்தனையாளரைப் பற்றியது. புளோட்டினஸ் கீழைத்தேயத்து ஞானத்தை அறியும் ஆவலால் உரோமப் படையோடு பாரசீகம் நோக்கிப் புறப்பட்டவர். ஓகஸ்தீன் அல்ஜீரிய மண்ணிலேயே பிறந்து, காம்யு பிறந்த ஊருக்கு அணித்தாகிய ஹிப்போ நகரத்தில் ஆயராக இருந்தவர். ஒருவர் அழகின் வழியும் மற்றவர் அருளின் வழியும் காட்டினர். காம்யு இருவரையும் மதித்தார். ஆனால் இவ்வுலகத்தைக் கடந்து செல்ல ஒருப்படவில்லை.

பட்டம் பெற்றும் அவர் அரசாங்க ஆசிரியராக முடியவில்லை. காசநோயாளருக்கு மருத்துவச் சான்று மறுக்கப்பட்டது. நாடகக் குழு நடத்தினார். 1935இல் கம்யூனிஸ்டுக் கட்சியிற் சேர்ந்து 1937இல் அதனை விட்டுப் பிரிந்தார். 1938இல் 'அல்ஜே ரெப்புப்ளிக்கேன்' என்னும் பத்திரிகையில் நிருபரானார். 1939 ஜூன் மாதத்தில் கபீலியா என்னும் மலைநாட்டுக்குச் சென்று, அங்கு வாழ்ந்த மக்களின் துயரைப் பற்றி 11 கட்டுரைகள் எழுதினார். அவர் அங்கே கவிதை எழுதவில்லை, கணக்கு எழுதினார். ஒரு நாட்கூலி எவ்வளவு, தானியம் என்ன விலை, எத்தனை மணி நேர வேலை, எத்தனை பிள்ளைகளுக்குப் பாடசாலை உண்டு என்று எண்ணிக் காட்டினார். இம்மக்களின் தேவை குறைவு, இவர்கள் சோம்பர் என்று சொல்லிக் குறைந்த கூலியை நியாயப்படுத்தியவரின் வாயை அந்த எண்கள் அடைத்தன. மலைநாட்டு மக்களின் தேவை குறைவென்று சொல்லும் குரலை நாம் இங்கேயும் கேட்டிருக்கின்றோம். அடுத்த ஆண்டு அவர் பணியாற்றிய பத்திரிகை தடைசெய்யப்பட்டது. 1940 மார்ச் மாதத்தில் அவர் பாரிஸ் சென்றார்.

இனி அவருடைய கருத்துகளைச் சிறிது காண்போம்.

1942ஆம் ஆண்டில் 'அந்நியன்' நாவலும் 'சிசிஃபஸ் புராணம்' என்னும் மெய்யியற் கட்டுரையும் வெளிவந்தன. அக்கட்டுரையின் மையச் சொல் அபத்தம் என்பது. அபத்தம் உலகத்திலும் இல்லை, மனிதனிடத்திலும் இல்லை என்றார் காம்யு. இரண்டின் சந்திப்பிலே அது பிறக்கின்றது. மனிதன் காரணம் கேட்கின்றான்; உலகம் மறுமொழி சொல்லாது கிடக்கின்றது. நியாயம் கேட்கின்றான், நோயும் சாவும் நியாயம் பாராது வருகின்றன. இந்த முரண்பாட்டைக் கண்டுகொண்டவன் என் செய்வான்? உயிரை மாய்த்துக்கொள்ளலாம். அது வினாவை அழித்துவிடுவதேயன்றி விடையாகாது. இல்லையேல் காணாத ஒன்றில் நம்பிக்கை வைத்து அதனுள் பாய்ந்துவிடலாம். அது அறிவின் கண்ணை மூடிக்கொள்வது என்று அவர் கருதினார். மூன்றாம் வழி ஒன்று உண்டு. முரண்பாட்டை முரண்பாடென்றே கண்டு, அதற்குத் தலைவணங்காது, முழு விழிப்போடு வாழ்வது. அந்த மூன்றாம் வழியே அவர் வழி. கடவுள் நம்பிக்கை உடையோர் இரண்டாவது வழியைப் பற்றி அவர் கூறியதை ஒப்பாதிருக்கலாம். முதலாவதை அவர் மறுத்ததை எவரும் ஒப்புவர்.

இதனை விளக்குதற்குக் கிரேக்கக் கதையொன்றை எடுத்தாண்டார். சிசிஃபஸ் என்னும் அரசன் தேவர்களை ஏய்த்தமையால் தண்டிக்கப்பட்டான். பெருங்கல்லொன்றை மலையுச்சிக்கு உருட்டிச் செல்ல வேண்டும். உச்சியை அடைந்ததும் கல் தானாகக் கீழே உருண்டுவிடும். அவன் இறங்கிச் சென்று மீண்டும் உருட்ட வேண்டும். முடிவே இல்லை. காம்யுவின் கண் அவன் ஏறும்போதன்று, இறங்கும்போதே அவன்மீது படிகின்றது. கல்லின்றி இறங்கும் அந்தச் சிறு பொழுதில் அவன் தன் நிலையை முற்றாக அறிகின்றான். அறிந்தும் திரும்பிச் செல்கின்றான். தன் விதியை அறிந்தவன் அதனைவிட மேம்பட்டவன். ஆகவே அவனை இன்புற்றவனாகவே நாம் எண்ண வேண்டும் என்பது அவர் முடிபு.

இந்த மலைக் கதையைத் தேயிலை மலையில் இருந்து கேட்பவர்க்கு ஓர் ஐயம் எழும். விடியுமுன் பெரட்டுக்களம், பின்னர் மலையேற்றம், கூடை நிறைந்ததும் நிறுவைக்கு இறக்கம், மறுபடி ஏற்றம். இன்று எடுத்த கொழுந்து சில நாளில் மீண்டும் துளிர்த்து நிற்கும். தலைமுறை தலைமுறையாக இதுவே தொழில். இந்தப் பெண்ணையும் இன்புற்றவளாக எண்ணிக்கொள்ளுங்கள் என்று ஒரு மெய்யியலாளர் சொன்னால், அது எவருக்கு வசதியான போதனை? துரைக்கும் கம்பனிக்கும் அல்லவா?

ஐயம் நியாயமானது. ஆனால் காம்யுவின் பாதையை முழுவதும் பார்த்தால் அதற்கு விடை உண்டு. சிசிஃபஸின் கல்லைத் தேவர்கள் வைத்தார்கள். அதை எவராலும் அகற்ற இயலாது. அது சாவையும் நோயையும் காலத்தையும் குறிக்கும். கூடையின் சுமையோ அவ்வாறன்று. நாட்சம்பளம் எவ்வளவு, நிறுவையில் எத்தனை கிலோ கழிக்கப்படும், லயத்துக்குக் கூரை உண்டா என்பன மனிதர் வகுத்தவை, மனிதர் மாற்றக்கூடியவை. மாற்ற முடியாததை மாற்றலாமென மயங்குவது ஒரு பிழை. மாற்றக்கூடியதை விதியென ஏற்பது அதனினும் பெரும் பிழை. கபீலியா மலைநாட்டில் கூலிக் கணக்கெடுத்த அதே கைதான் சிசிஃபஸின் கதையையும் எழுதிற்று என்பதை மறத்தலாகாது.

இந்த வேறுபாட்டைப் பிற்கால நூல்கள் தெளிவாக்கின. இரண்டாம் உலகப் போரில் பிரான்சு ஜெர்மனிக்கு அடிப்பட்டிருந்த காலத்தில் காம்யு 'கொம்பா' என்னும் இரகசியப் பத்திரிகையிற் பணியாற்றினார். 1947இல் 'கொள்ளைநோய்' நாவல் வந்தது. ஓரான் நகரத்தைக் கொள்ளைநோய் சூழ்ந்துகொள்கின்றது. றியூ என்னும் மருத்துவர் வீரம் பேசாது, வெற்றியும் உறுதியில்லாது, நாள்தோறும் நோயாளரைப் பார்த்து வருகின்றார். அவருக்குத் தோழர் சேருகின்றனர். சிசிஃபஸ் தனியன், றியூ தனியனல்லன். 1951இல் வெளிவந்த 'கிளர்ச்சியாளன்' என்னும் நூலில் கருத்து முழுமை பெற்றது. ஓர் அடிமை ஒருநாள் இல்லை என்று சொல்கின்றான். அந்த 'இல்லை'யினுள்ளே ஓர் 'ஆம்' இருக்கின்றது. இதற்குமேல் விட முடியாத ஏதோ ஒன்று தன்னிடத்தில் உண்டு என்பதை அவன் ஏற்கின்றான். அந்த ஒன்று அவனுக்கு மட்டும் உரியதன்று, மனிதர் யாவர்க்கும் பொது. ஆகவே உண்மையான கிளர்ச்சி மனிதரை ஒன்றாக்கும். அதே காரணத்தால் அதற்கு ஓர் எல்லையும் உண்டு. நாளைய நீதியின் பெயரால் இன்று குற்றமற்றவரைக் கொல்லும் கிளர்ச்சி, தான் எதற்காக எழுந்ததோ அதனையே கொன்றுவிடுகின்றது.

இந்நூலின்மேல் எழுந்த விவாதத்தால் 1952இல் சார்த்தரோடு நட்பு முறிந்தது. வரலாற்றின் போக்கிலே பக்கம் சேராதவன் ஒடுக்குவோர்க்கே துணைபோகின்றான் என்பது சார்த்தர் தரப்பின் வாதம். வரலாறு என்னும் தேவதைக்கு மனிதரைப் பலியிட இயலாது என்பது காம்யுவின் மறுப்பு. புத்தகங்களின் நடுவே வளர்ந்தவர் வரலாற்றை ஒரு கருத்தாகக் கண்டார். பிஸ்கற் தகரத்திலே தந்தையின் மரணத்தைக் கண்டவர் அதனை ஓர் இரும்புத் துண்டாகக் கண்டார்.

இவரிடத்திற் குறையே இல்லையா? உண்டு. 1954இல் அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கிற்று. 1956 ஜனவரியில் அல்ஜியர்ஸ் சென்று, இரு தரப்பாரும் பொதுமக்களைக் கொல்லாதிருக்க வேண்டும் என்று மன்றாடினார். இரு தரப்பாரும் செவிசாய்க்கவில்லை. ஆயின் அல்ஜீரியர் தம் நாட்டைத் தாமே ஆள வேண்டும் என்பதை அவர் இறுதிவரை ஏற்கவில்லை. 'அந்நியன்' நாவலிற் கொல்லப்படும் அரபு மனிதனுக்குப் பெயர்கூட இல்லை. 2013இல் கமல் தாவுத் என்னும் அல்ஜீரிய எழுத்தாளர், அந்தப் பெயரற்ற மனிதனுக்குப் பெயர் தந்து, அவனுடைய தம்பியின் வாயிலாக ஒரு நாவலையே எழுதி மறுமொழி கூறினார். தன் தாயின் வறுமையை அத்துணை நுணுக்கமாகக் கண்ட கண், அயல் வீதியில் இருந்த அரபுத் தாயை முழுமையாகக் காணவில்லை. நீதி வேண்டும், ஆனால் தன் தாய் செல்லும் ட்ராமிலே குண்டு வெடிக்கலாகாது என்று அவர் வருந்தியது உண்மை. அந்த வருத்தம் மனிதத்தன்மையுடையது. விடையாக அது போதவில்லை என்பதும் உண்மை.

மண் யாருக்கு உரியது என்ற வினாவின் வலியை மலையகம் நன்கறியும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் எம்மவரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமென்று எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னைக்கு ஒத்திவைத்தது. ஹட்டன் புகையிரத நிலையத்திலே ஒரே குடும்பத்தினர் ஒருவரை ஒருவர் கட்டி அழுது பிரிந்தனர். நாம் காம்யுவின் இனத்தவரைப்போல ஆளும் நாட்டின் குடியேறிகளாக வந்தவர்களல்லர். காட்டை வெட்டித் தோட்டமாக்கக் கொண்டுவரப்பட்ட உழைப்பாளிகள். அந்த வேறுபாட்டை மறைத்தல் தவறு. எனினும் பிறந்த மண்ணே தன்னை அந்நியன் என்று சொல்லும் வேதனை இன்னதென்று அறிந்தவர், அவர் தவறிய இடத்தையும் சினமின்றிப் புரிந்துகொள்ள இயலும்.

காம்யு பிறந்ததற்கு அடுத்த ஆண்டிலே, 1914இல், பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில் ஒருவர் பிறந்தார். அவரே சி. வி. வேலுப்பிள்ளை. ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் விளங்கி, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். மறு ஆண்டுச் சட்டம் தம் மக்களை நாடற்றவராக்கியதை நேரிற் கண்டவர். தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலக் கவிதையாக எழுதினார். அதனைச் சக்தீ பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். தொழிலாளர் பாடிய நாட்டுப் பாடல்களையும் வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர் என்று நான் கூற வரவில்லை. இருவர்க்கும் பொதுவான ஒரு நிலையையே கூறுகின்றேன். தம் எழுத்தை வாசிக்க இயலாத மக்களைப் பற்றி இருவரும் எழுதினர். கற்ற மொழி அவர்களை வீட்டிலிருந்து தூரமாக்கிற்று. அந்த மொழியையே அவர்கள் வீட்டுக்கு மீளும் பாதையாக்கினர்.

1957இல் நோபெல் பரிசுச் செய்தி வந்ததும், தாயை அடுத்துக் காம்யு நினைத்தது லூயி ஜெர்மேன் ஆசிரியரையே. நவம்பர் 19ஆம் நாள் அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அந்த ஆசிரியர் நீட்டிய கை இல்லையேல் தாம் இன்று இவ்விடத்தில் இல்லை என்பது அக்கடிதத்தின் பொருள். பரிசு பெற்ற வேளையில் ஆற்றிய உரை நூலாக வெளிவந்தபோது அதனை அவருக்கே காணிக்கையாக்கினார்.

1960ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், பிரான்சிலே வில்பிளவன் என்னும் ஊரருகே நிகழ்ந்த மோட்டார் விபத்தில் காம்யு காலமானார். வயது 46. சேற்றிலே கிடந்த பையில் முற்றுப்பெறாத கையெழுத்துப் பிரதி ஒன்று இருந்தது. அதுவே 'முதல் மனிதன்'. அவருடைய மகள் அதனை 1994இல் வெளியிட்டார். இந்நூலை ஒருபோதும் வாசிக்க இயலாத ஒருத்திக்கு, தம் தாய்க்கு, அதனைக் காணிக்கையாக்கியிருந்தார். மகனுக்குப் பின் சில மாதங்களே அவள் வாழ்ந்தாள். அதே ஆண்டு செப்டெம்பரில் அவளும் மறைந்தாள்.

நேயர்களே, பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்கும் தாயிடம் மீண்டும் வருவோம். பிள்ளை தேறினாலும் தேறாவிட்டாலும் மாலையிலே இருவரும் ஒன்றாக மலையேறுவர். தேறிய பிள்ளை ஒருநாள் வெகு தூரம் போகலாம். போகட்டும். போகும் பிள்ளைக்குக் காம்யுவின் வாழ்க்கையிலிருந்து ஒரு சொல்லைக் கொடுத்தனுப்பலாம். நீ கற்கும் கல்வியெல்லாம் அந்த மர நிழலில் நின்றவளின் மௌனத்துக்குக் கடன்பட்டது. அடுத்த மரத்தின் கீழ் நிற்கும் வேறொரு தாயின் மௌனமும் அதற்கு நிகரானதே. முதலாவதைக் காம்யு கற்பித்தார். இரண்டாவதை அவருடைய குறை கற்பிக்கின்றது. இரண்டையும் கற்றுக்கொள்வது எம் கடன்.